ஓசூர்ப் பக்கம் பழைய சொகுசு கார் பார்க்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

போன டிசம்பரில் 14.5 லட்சம் கொடுத்து ஒரு ஜெர்மன் டீசல் கார் வாங்கினேன். எட்டு வருடப் பழசு, கர்நாடகப் பதிவு, மீட்டரில் 62,000 கிலோமீட்டர். "ஒரே ஓனர் சார், டாக்டர் வண்டி, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும்தான் ஓடியிருக்கு" என்றார் யார்டுக்காரர். எந்த யார்டுக்குப் போனாலும் இந்த டாக்டர் நமக்கு முன்னாலேயே அங்கே ஒரு வண்டியை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். கார் கம்பெனி பெயரை எழுதவில்லை, தப்பு அவர்களுடையது அல்ல. யார்டு பெயரையும் கேட்காதீர்கள், வழக்கு போட்டிருக்கிறேன்.

எனக்குக் கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டி. ஒரு லோடு பெங்களூரா மாங்காய் வந்து இறங்கினால் மேலே இருக்கிற காயைப் பார்க்க மாட்டேன், அடியில் கைவிட்டு எடுத்துத்தான் பார்ப்பேன். அந்தப் புத்தி காரிடம் போகவில்லை. சீட்டு, சன்ரூஃப், பாட்டுச் சத்தம், இதையெல்லாம் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். போன் செய்து, பதினோரு மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வேறு போனேன். பானெட் சூடாக இருந்தது. கேட்டதற்கு "இப்பத்தான் வாட்டர் வாஷ் பண்ணிக் கொண்டுவந்தோம்" என்றார், நானும் தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் காலையில் பார்த்தால், எருமை முன்னங்காலை மடித்துப் படுத்த மாதிரி இடது முன்பக்கம் தரையோடு உட்கார்ந்திருக்கிறது. ஸ்டார்ட் செய்ததும் அடியில் ஏதோ உறுமி, இரண்டு நிமிடத்தில் எழுந்துகொண்டது. யார்டுக்குப் போன் போட்டேன். "ஏர் சஸ்பென்ஷன்னா அப்படித்தான் சார், பனிக்குக் கொஞ்சம் இறங்கும்." சரி, பெரிய வண்டி விஷயம் நமக்கென்ன தெரியும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு ஒரு மெக்கானிக் சொல்லித்தான் புரிந்தது. நான் வாங்கிய வண்டியில் இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதிலாக ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேலே காற்று நிரம்பிய ரப்பர் பை. வருடங்கள் போகப் போக ரப்பர் மடிப்புகளில் வெடித்து மயிரிழை அளவு காற்று கசியும். வண்டி ஓடும்போது குறைகிற காற்றைக் கம்ப்ரஸர் நிரப்பிக்கொண்டே இருப்பதால் ஓட்டுகிறவனுக்குத் தெரியாது, ராத்திரி முழுக்க நின்றால்தான் இறங்கும். அதனால்தான் ஆள் வருவதற்கு முன்னால் ஸ்டார்ட் செய்து நிமிர்த்தி வைக்கிறார்கள். லேசாக, எல்லாப் பக்கமும் ஒரே அளவாக இறங்கினால் பயமில்லை, ஒரு மூலை மட்டும் உட்கார்ந்தால் கசிவு. இன்னொன்று, அந்தக் கம்ப்ரஸர் இடைவிடாமல் ஓடச் செய்யப்பட்டது அல்ல. கசிவோடு ஓட்டிக்கொண்டே இருந்தால் அதுவும் எரிந்துபோகும். முதல் வாரமே பையைப் பார்த்திருந்தால் கம்ப்ரஸராவது தப்பித்திருக்கும், இரண்டு மாதம் நான் ஓட்டியதும் சேர்ந்துதான் செலவு ஏறியது.

பிப்ரவரியில் சேலத்தில் மச்சான் வீட்டுக் கல்யாணம். தொப்பூர் கணவாயில் இறங்கும்போது டேஷ்போர்டில் சிவப்பில் வந்தது, வண்டி மிகத் தாழ்வாக இருக்கிறது, நிறுத்தவும் என்று. அந்த இறக்கத்தில் லாரிகள் எப்படி வரும் என்று தர்மபுரிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பட்டுப்புடவையோடு வீட்டம்மாவும் பிள்ளைகளும் தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றார்கள், அன்றைக்கு நான் வாங்கிய திட்டு தனிக் கணக்கு. கொக்கி போட்டு இழுத்தால் அடிப்பாகம் உரசும் என்பதால் முழு வண்டியையும் மேலே ஏற்றுகிற லாரியை வரவழைத்துப் பெங்களூருக்கு அனுப்பினேன், அதற்கு 15,000.

கம்பெனி சர்வீஸில் கொடுத்த எஸ்டிமேட்: முன்பக்கக் காற்றுப் பை இரண்டுக்கும் 2.2 லட்சம், கம்ப்ரஸர் 80,000, கூலியும் ஜிஎஸ்டியும் சேர்த்து 3.7 லட்சம். வண்டி விலை இறங்கியிருக்கலாம், உள்ளே போடுகிற சாமான் இன்னும் 60 லட்ச ரூபாய் வண்டியின் சாமான்தான். கடைசியில் வெளி கராஜில் ரீகண்டிஷன் செய்ததைப் போட்டு 1.65 லட்சத்தில் முடித்தேன், ஆறு மாத வாரண்டி. பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடுகிற வகை டயர், ஸ்டெப்னி கிடையாது, ஒரு டயர் 22,000, இரண்டு மாற்றினேன்.

அதைவிடப் பெரிய அடி சர்வீஸ் கவுண்டரில் விழுந்தது. சேஸிஸ் நம்பரைத் தட்டியதும் அந்தப் பையன் திரையை என் பக்கம் திருப்பினான். இரண்டு வருடத்துக்கு முன்பு சர்வீஸுக்கு வந்தபோதே 1,18,000 கிலோமீட்டர்! இந்த வண்டிகளில் ஓடிய தூரம் மீட்டரில் மட்டும் பதிவாவதில்லை, வேறு கம்ப்யூட்டர்களிலும் இருக்கும். ஸ்கேனரில் கியர்பாக்ஸைப் பார்த்தால் 1,34,000. கிலோமீட்டரைக் குறைத்தவன் டேஷ்போர்டு மீட்டரை மட்டும் பின்னால் திருப்பிவிட்டு விட்டிருக்கிறான். 2,000 ரூபாய் கொடுத்து இந்த ஸ்கேனை முதலிலேயே செய்திருக்கலாம்.

ஆர்சி இன்னும் பழைய ஓனர் பெயரில்தான். வண்டியை வேறு மாநிலத்துக்கு மாற்றத் தேவையான என்ஓசி (தடையில்லாச் சான்று) வரும், வரும் என்று நான்கு மாதம் இழுத்தார்கள். கர்நாடகத்தில் கட்டிய ஆயுட்கால வரி இங்கே செல்லாது, தமிழ்நாட்டில் தனியாகக் கட்ட வேண்டும், இதை விற்கும்போது யாரும் வாய் திறக்கவில்லை. 2023 ஏப்ரலிலிருந்து பழைய வண்டி வியாபாரிகள் ஆர்டிஓவிடம் அங்கீகாரச் சான்று வாங்கியிருக்க வேண்டும் என்பது விதி. காட்டச் சொல்லுங்கள். நான் கேட்டபோது யார்டுக்காரர் போனை வைத்துவிட்டார்.

பில்லில் "உள்ளது உள்ளபடி" என்று பொடி எழுத்தில் போட்டு என்னிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். ஆனால் 62,000 என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் விளம்பரம் என்னிடம் அப்படியே இருக்கிறது, அதை வைத்துத்தான் கிருஷ்ணகிரி நுகர்வோர் ஆணையத்தில் மனு. நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், என் தொகைக்குக் கட்டணம் 400 ரூபாய்.

ரீகண்டிஷன் போட்டுக்கொடுத்த மெக்கானிக், தினமும் காலையில் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரல் விட்டுப் பாருங்கள் அண்ணா என்றார். பல் விளக்கிக்கொண்டே போய்ப் பார்க்கிறேன். நேற்று வரை மூன்று விரல் போனது, இன்றைக்கு இரண்டரை.