லுவெர்ன் பிராண்டன்பர்க் கேலரி: பார்க்க ஒரு மணி நேரம், பக்கத்துப் புல்வெளிக்கு ஒரு நாள்

இயற்கைப் புகைப்படக்காரர் ஜிம் பிராண்டன்பர்க்கின் படங்கள் இருக்கும் லுவெர்ன் கேலரியை மட்டும் பார்க்கவென்று, மினசோட்டாவின் பெருநகரமான மினியாபொலிஸிலிருந்து இவ்வளவு தூரம் வண்டி ஓட்டிப் போகாதீர்கள். மூன்றரை மணி நேரத்துக்கு மேல் பயணம், உள்ளே ஒரு மணி நேரத்தில் எல்லாம் பார்த்து முடிந்துவிடும். ஒரு நாளை முழுதாக ஒதுக்கி, கேலரியையும் ஊருக்கு வடமேற்கே உள்ள ‘டச் த ஸ்கை’ புல்வெளியையும், வடக்கே உள்ள ப்ளூ மவுண்ட்ஸ் பூங்காவையும் சேர்த்துப் பார்ப்பதாக இருந்தால் தாராளமாகப் போகலாம். அமெரிக்க நடுமேற்கில் இயற்கைப் படம் எடுப்பவர்களுக்கு இப்படி ஒரு சேர்க்கை வேறு எங்கும் சுலபமாக அமையாது.

லுவெர்ன், மினசோட்டாவின் தென்மேற்கு மூலையில் 90ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டிய சிற்றூர். பக்கத்து மாநிலமான தெற்கு டகோட்டாவின் சூ ஃபால்ஸ் நகரிலிருந்து கிழக்கே அரை மணி நேரம். ஜிம் பிராண்டன்பர்க் 1945இல் பிறந்தது இங்கேதான். அருகிலுள்ள வொர்திங்டன் ஊரின் செய்தித்தாளில் படப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே நேஷனல் ஜியோகிரஃபிக்குக்குப் படம் எடுக்கத் தொடங்கினார். 1978இல் அங்கே ஒப்பந்தப் புகைப்படக்காரர் ஆனார். உலகம் அவரை அறிந்தது கனடாவின் வடகோடியில் உள்ள எல்ஸ்மியர் தீவின் வெள்ளை ஓநாய்களால். குடியிருந்ததும் வடக்கே ஈலி காட்டில். ஆனாலும் 1999இல் அறக்கட்டளை ஒன்றைத் தொடங்கியபோது அதைப் பிறந்த ஊரின் புல்லுக்காகவே தொடங்கினார். 2025 ஏப்ரலில் காலமானார். கேலரியில் ஒரு படம் வாங்கினால் அதன் லாபம் புல்வெளிக்குத்தான் போகிறது. விலைச்சீட்டைப் பார்க்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

கேலரி இருப்பது நீதிமன்றத்தை ஒட்டிய பழைய சிறைக் கட்டடத்தில். அதே கட்டடத்தில் ராணுவ அருங்காட்சியகம் ஒன்றும் உண்டு, விருப்பம் இருந்தால் எட்டிப் பாருங்கள். உள்ளே போவதற்கு முன் வெளிச்சுவரைக் கொஞ்சம் கவனியுங்கள். இளஞ்சிவப்பாக, சர்க்கரைக் கட்டிபோல் மினுமினுக்கும் இந்தக் கல் சூ குவார்ட்சைட். 160 கோடி ஆண்டுகளுக்கு மேல் பழைய மணல், இறுகிப் பாறையானது. இரும்பு ஆக்சைடு தந்த நிறம் இது. இந்தப் பாறை மேலாக இருக்கும் இடங்களில் மண் ஒரு சாண்கூட இருக்காது, கலப்பை இறங்காது. மினசோட்டாவில் சுமார் 1 கோடியே 80 லட்சம் ஏக்கர் பரந்திருந்த புல்வெளியில் இன்று மிஞ்சியிருப்பது 2 சதவீதத்துக்கும் குறைவு. லுவெர்ன் இருக்கும் ராக் கவுண்டி என்ற மாவட்டத்தில் மிஞ்சியதற்குக் காரணம், பெரும்பாலும் இந்தக் கல்தான்.

படம் வாங்குபவர்களுக்குச் சில யோசனைகள். ஓநாய் படங்கள் அழகுதான், ஆனால் அவற்றை நாட்காட்டியிலும் அட்டையிலும் எங்கேயும் பார்த்துவிடலாம். இங்கே வந்து வாங்க வேண்டியது புல்வெளிப் படங்களை. அதிலும் அளவில் கஞ்சத்தனம் வேண்டாம். ஓநாயின் முகம் 8×10 அங்குலத்திலும் நிற்கும், புல்வெளி நிற்காது. புல்லின் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி வெறும் பழுப்புக் கறையாகிவிடும். 16×24க்குக் கீழே போகாதீர்கள். மறுபக்கம், அவருடைய பழைய படங்கள் 35 மி.மீ. ஃபிலிமில் எடுத்தவை, மிகப் பெரிய அளவுக்குப் போனால் ஃபிலிம் துகள் தெரியும். அப்படிப்பட்ட படத்தை ஆறடி தள்ளி நின்று பார்க்கும் சுவரில் மாட்டினால் குறையாகத் தெரியாது, சோபாவுக்கு நேர் மேலே மாட்டினால் தெரியும்.

சட்டம் (ஃபிரேம்) போடாத பிரிண்ட்டை வாங்கி, குழாயில் சுருட்டி எடுத்துப் போவது சிக்கனம். வெயிலில் நிறுத்திய காரில் விட்டுவிடாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் சுத்தமான காகிதம் மூடி, மேலே தட்டையான கனம் வைத்து இரண்டு நாள் விட்டபிறகு சட்டம் போடுபவரிடம் கொடுங்கள். படத்தைப் பொருத்தும் அட்டையான மவுண்ட் போர்டு அமிலமற்றதாக வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும், கேட்காவிட்டால் சாதா அட்டைதான் வரும். சில வருடத்தில் ஓரம் மஞ்சளாகிவிடும். சென்னை மாதிரி ஈரக்காற்று ஊருக்கு எடுத்துப் போவதாக இருந்தால் கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே இடைவெளி விடச் சொல்லுங்கள். ஒட்டிக்கொண்டால் பிரிக்கும்போது மையோடு உரிந்து வரும்.

இனி புல்வெளி. ‘டச் த ஸ்கை’, அறக்கட்டளையும் மத்திய அரசின் மீன், வனவிலங்குத் துறையும் சேர்ந்து உருவாக்கிய, சுமார் ஆயிரம் ஏக்கர் இடம். கடைசித் தூரம் ஜல்லி ரோடு. கடை, குடிநீர், கழிப்பறை எதையும் எதிர்பார்க்காமல் ஊரிலேயே எல்லாம் முடித்துக்கொண்டு போங்கள். முதல் பார்வையில் ‘இதற்கா வந்தோம்’ என்று தோன்றும். அது இந்த நிலத்தின் குணம். பாதைப்பலகையும் காட்சி மேடையும் வைத்து ஊட்டிவிட மாட்டார்கள். நீங்களாக உள்ளே நடந்து, குனிந்து பார்க்க வேண்டும்.

குனிந்தால் தெரிவது ஏராளம். பாறை வெடிப்புகளில் சப்பாத்திக்கள்ளி, ஜூன் கடைசி முதல் மஞ்சளாகப் பூக்கும். பாறையை ஒட்டிக் குட்டைப் புல். மண் ஆழமாகும் இடத்தில் பிக் புளூஸ்டெம் என்ற உயரப் புல், ஆகஸ்டில் ஆளுயரம் தாண்டும். அதன் கதிர் மூன்றாகப் பிரிந்து வான்கோழிக் கால்போல் விரிந்திருப்பதை வைத்து அடையாளம் காணலாம். வேர் இரண்டு, மூன்று மீட்டர் கீழே போகும். ஏப்ரல், மே வாக்கில் போனால் சில பகுதிகள் கரியாகக் கிடக்கலாம், பதற வேண்டாம். வெளியிலிருந்து வந்த புரோம் புல் குளிர் விலகும்போதே துளிர்க்கிறது, உள்ளூர்ப் புல்லோ வெயில் ஏறியபின்தான் எழும். அந்த இடைவெளியில் பராமரிப்பவர்கள் தீ வைத்தால் வந்தேறிப் புல் மட்டும் அடிபடும். இரண்டு வாரத்தில் கரிக்கு நடுவே பச்சை வரும், அதுவே நல்ல படம்.

படம் எடுக்கப் போகிறவர்கள் சறுக்குவது பெரும்பாலும் லென்ஸ் தேர்வில். பரந்த நிலம் என்றதும் 16 மி.மீ. லென்ஸை மாட்டுகிறார்கள். பரப்பு முழுவதும் உள்ளே வரும், ஆனால் மேடுபள்ளம் எல்லாம் படிந்து, வெட்டாமல் விட்ட மைதானம் மாதிரி இருக்கும். 70-200 மி.மீ. ஜூம் லென்ஸ் கொண்டு போங்கள். தூரத்து மேடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வரும். அகல லென்ஸ்தான் வேண்டுமென்றால் ட்ரைபாடைக் கதிர் மட்டத்துக்கோ அதற்கும் கீழேயோ இறக்கி, புல் வானத்தின் பின்னணியில் நிற்கும்படி எடுங்கள். 24 மி.மீ.க்கும் அகலமான லென்ஸில் போலரைசர் (வானத்தின் நீலத்தை அடர்த்தியாக்கும் ஃபில்டர்) வேண்டாம். வானத்தின் நடுவில் கரும்பட்டை விழும். பாதி இருண்ட கிரேடுவேட்டட் ஃபில்டர் இங்கே அருமையாக வேலை செய்யும், அடிவானம் ஸ்கேல் வைத்துக் கிழித்தது போல் நேராக இருப்பதால்.

அடுத்த எதிரி காற்று. ஆடும் புற்கதிரைப் படத்தில் உறைய வைக்க 1/250 நொடியாவது வேண்டும், காற்று பலமானால் 1/500. ஆட்டத்தையே படமாக்க நினைத்தால் ஒளியைக் குறைக்கும் என்.டி. ஃபில்டர் போட்டு ஒரு நொடி, இரண்டு நொடிக்குப் போங்கள். நடுவே 1/15, 1/30 வைத்தால் வேண்டுமென்று செய்தது போலவும் இருக்காது, தெளிவாகவும் இருக்காது, கை நடுங்கிய படமாகத்தான் முடியும். வெவ்வேறு தூரத்தில் ஃபோகஸ் செய்த படங்களை ஒன்றாகச் சேர்க்கும் ஃபோகஸ் ஸ்டாக்கிங் இங்கே பலிக்காது. ஒரு படத்தில் இருந்த புல் தாள் அடுத்ததில் வேறிடத்தில் இருக்கும். லென்ஸ் திறப்பை எஃப் 11இல் வைத்து, ஐ.எஸ்.ஓ.வை (கேமராவின் ஒளி உணர்திறன்) ஏற்றிக்கொள்ளுங்கள். பொதுவாகக் காற்று அடங்கியிருப்பது சூரிய உதயத்தை ஒட்டிய அரை மணி நேரம், அப்போது சூரியனுக்கு எதிராக நின்றால் புற்கதிர்கள் தாமே விளக்கேற்றிக்கொள்ளும். லென்ஸ் ஹூட் கட்டாயம். செப்டம்பர் முடிந்து அக்டோபரில் லிட்டில் புளூஸ்டெம் புல் செம்பு நிறமாகும். ஒரே ஒரு முறைதான் போக முடியும் என்றால் அந்த மாதம்.

காட்டெருமை வேண்டுமென்றால் ப்ளூ மவுண்ட்ஸ். ஊரிலிருந்து 75ஆம் எண் சாலையில் வடக்கே சில மைல். வண்டிக்கு நாள் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். 1961இல் நெப்ராஸ்காவிலிருந்து வந்த மூன்று விலங்குகளில் தொடங்கிய மந்தை இது. வேலிக்கு அந்தப்பக்கம் நூற்றுக்கணக்கான ஏக்கரில் எங்கேயாவது மேயும். 300 மி.மீ.க்குக் குறைந்த லென்ஸில் கரும்புள்ளிதான் கிடைக்கும். கோடையில் பூங்கா நடத்தும் திறந்த வண்டிச் சுற்றுலாவில் நெருங்கிப் பார்க்கலாம், முன்பதிவு செய்துகொள்ளுங்கள். அதே பூங்காவில் 90 அடி உயரப் பாறைச் சரிவும், கிழக்கு மேற்காக 1,250 அடி நீளத்துக்கு அடுக்கிய கல்வரிசையும் உண்டு. மார்ச், செப்டம்பர் சமபகலிரவு நாட்களில் சூரியன் அந்த வரிசையின் நேரே எழுந்து நேரே விழும். அடுக்கியது யார் என்று யாருக்கும் தெரியாது. அந்த இரு நாளும் கூட்டம் வரும், ட்ரைபாடுக்கு இடம் பிடிக்க இருட்டிலேயே போக வேண்டும்.

சிறு குழந்தைகளோடு போகிறவர்களுக்கு ‘டச் த ஸ்கை’யை விட ப்ளூ மவுண்ட்ஸ் சௌகரியம். மே முதல் ஜூலை வரை உண்ணி அதிகம். முழுக்கால் பேன்ட்டைக் காலுறைக்குள் சொருகிக்கொண்டு, திரும்பியதும் முழங்காலின் பின்புறம், இடுப்பு, காது மடல் பின்னால் எல்லாம் தடவிப் பாருங்கள். கேலரி நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும், குளிர்காலத்தில் ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டே கிளம்புங்கள்.