ஹைசேர் வாங்கறதுக்கு முன்னாடி குழந்தையோட கால பாருங்க: ரெண்டு பிள்ளைங்க உட்கார்ந்த சேர் பத்தி

ஹைசேர் தேடறவங்க எல்லாரும் ஆன்லைன்ல முதல்ல பார்க்கறது குஷன் இருக்கா, வீல் இருக்கா, பின்னாடி சாயுமா, எத்தனை லெவல்ல உசரம் மாத்தலாம்ங்கறதைத்தான். ரெண்டு பிள்ளைங்கள உட்கார வச்சு தினமும் வேளாவேளைக்கு ஊட்டின பிறகு நான் அடிச்சு சொல்லுவேன், பார்க்க வேண்டியது ரெண்டே விஷயம்: குழந்தையோட பாதம் எது மேல நிக்குது, சிந்தினத எவ்ளோ சீக்கிரம் கழுவ முடியுது. மத்ததெல்லாம் அப்புறம்தான்.

எங்க வீட்டுல ரெண்டு சேர் இருந்துச்சு. ஒண்ணு அக்கா வீட்டுல இருந்து வந்தது, தடிமனான ரெக்சின் குஷன், அடியில வீல், சாய்ஞ்சுக்கற வசதி, பார்க்க அவ்ளோ அம்சமா இருக்கும். இன்னொண்ணு நாங்களா கடைக்குப் போய் வாங்கினது, குஷனே இல்லாத வழுவழு பிளாஸ்டிக் சீட், அஞ்சு பாயிண்ட் பெல்ட் (ரெண்டு தோள், இடுப்போட ரெண்டு பக்கம், காலுக்கு நடுவுல), காலோட கீழ் பாதிய கழட்டிட்டா தரையில வைக்கற குட்டி சேரா மாறிடும். பிராண்ட் பேர் போடல, ஏன்னா இதே அச்சுல வேற வேற பேர்ல நிறைய பேர் விக்கறாங்க, மாடல் என்னங்கறதுதான் முக்கியம். பெரியவ இதுல உட்கார்ந்துதான் கையால சாப்பிடவே பழகினா, இப்ப சின்னவன் அதே சேர்ல உட்கார்ந்து இட்லிய நசுக்கிட்டு இருக்கான். சென்னைல ஃப்ளாட்டு, சின்ன ஹால், கூட அம்மாவும் மாமனாரும் இருக்காங்க, அதனால நான் சொல்றத உங்க வீட்டு நிலவரத்தோட பொருத்திப் பார்த்துக்கோங்க.

முதல்ல கால் விஷயம். பெரியவளுக்கு ஆறு மாசம் முடிஞ்சு ராகிக் கூழ் ஆரம்பிச்ச சமயம், சேர்ல உட்கார வச்சா கொஞ்ச நேரத்துல ஒரு பக்கமா சரிஞ்சு, ட்ரே மேல நெஞ்ச சாய்ச்சு, தூக்கு தூக்குன்னு கைய நீட்டுவா. பசி இல்ல போலன்னுதான் வீட்டுல எல்லாரும் பேசிக்கிட்டோம். அம்மாதான் கீழ குனிஞ்சு பார்த்துட்டு, "ஏன்டி, புள்ள காலு அந்தரத்துல தொங்குது பாரு, இப்படி இருந்தா அதுக்கு எப்படிடி சாப்பாடு இறங்கும்?"னு கேட்டாங்க. சேர்ல ஃபுட்ரெஸ்ட் (கால் வைக்கற பலகை) இருந்துச்சு, ஆனா அது ஒரே இடத்துல ஃபிக்ஸ் பண்ணினது, ஒரு வயசு தாண்டின குழந்தைக்குத்தான் எட்டும். அம்மா உடனே சேரோட கால கழட்டி தாழ்வாக்கச் சொல்லி, பூஜை ரூம்ல இருந்த மணைய எடுத்துட்டு வந்து பாதத்துக்கு அடியில வச்சாங்க, அன்னைக்கே வித்தியாசம் தெரிஞ்சுது, நிமிர்ந்து உட்கார்ந்தா, ரெண்டு கையும் ட்ரேல விளையாடவும் எடுத்து வாயில வைக்கவும் ஃப்ரீயா இருந்துச்சு.

சந்தேகம் இருந்தா நீங்களே கிச்சன் மேடையில ஏறி கால தொங்கப்போட்டு ஒரு தட்டு சாதம் சாப்பிட்டுப் பாருங்க, பாதிலயே இடுப்பு சோர்ந்துடும். குழந்தைக்கு வயித்து சதை, முதுகு சதை எல்லாம் இன்னும் கெட்டிப்படாத வயசு, கால் ஊன இடம் இல்லன்னா விழாம உட்காரவே அதோட பலமெல்லாம் போயிடும், மெல்றதுக்கும் முழுங்கறதுக்கும் கவனம் எங்க இருக்கும்? குழந்தைங்களுக்கு சாப்பிடப் பழக்கற தெரபிஸ்டுங்க இடுப்பு, முட்டி, கணுக்கால் மூணும் 90 டிகிரி மடங்கி இருக்கணும்னு சொல்றது இதுக்குத்தான். நார்வேக்காரர் பீட்டர் ஆப்ஸ்விக் 1972ல ட்ரிப் ட்ராப்னு ஒரு மரச் சேர் டிசைன் பண்ணினார், தன் பையன் பெரியவங்க மேசையில ஒழுங்கா உட்கார முடியாம இருந்தத பார்த்துட்டுத்தான் அத செஞ்சாராம், அதுல உட்கார்ற பலகை, கால் வைக்கற பலகை ரெண்டையும் குழந்தை வளர வளர இறக்கிக்கிட்டே போகலாம். விலை ரொம்ப ஜாஸ்தி, எல்லாராலயும் முடியாது, ஆனா அந்த ஐடியாவ நம்ம வீட்டு சேருக்கும் கொண்டு வரலாம். நாங்க பக்கத்து தெரு ஆசாரிகிட்ட சொல்லி பிளைவுட்ல ஒரு பலகை அறுத்து, விளிம்பெல்லாம் நல்லா தேய்ச்சு, சேரோட முன்னாடி ரெண்டு காலுக்கும் குறுக்க கிளாம்ப் போட்டு மாட்டினோம். பாப்பா வளர வளர ஸ்க்ரூவ லூஸ் பண்ணி கீழ இறக்கினோம், இப்ப தம்பிக்காக மறுபடி மேல ஏத்தியாச்சு. ஐகியா கடையோட ஆன்டிலோப் சேர் நிறைய பேர் வாங்கறாங்க, விலையும் கம்மி, கழுவறதும் ரொம்ப ஈசி, ஆனா அதுல ஃபுட்ரெஸ்ட் கூட வராது, தனியா மாட்டிக்கணும், வாங்கறவங்க அதையும் சேர்த்தே கணக்கு போட்டுக்கோங்க.

அடுத்தது கழுவறது. அக்கா வீட்டு குஷன் சேர நான் ஏன் பரண்ல போட்டேன்னு சொல்றேன். குஷன்ல தையல் ஓடற இடம், பெல்ட் உள்ள போற ஓட்டை, சீட்டும் முதுகும் சேர்ற மடிப்பு, இந்த மூணு இடத்துலயும் கூழ் இறங்கி காஞ்சு சிமெண்ட் மாதிரி பிடிச்சுக்கும். துணிய வச்சு துடைச்சா மேல இருக்கறது மட்டும்தான் வரும், நான் டூத்பிரஷ்ஷும் ஊக்கும் வச்சுக்கிட்டு உட்கார்ந்து நோண்டியிருக்கேன். வாழைப்பழம் மசிச்சு குடுத்த அன்னைக்கு ராத்திரி பார்த்தா சுவத்துல இருந்து சேர் கால் வழியா எறும்பு வரிசை, குஷன தூக்கினா உள்ள ஸ்பாஞ்ச் பூரா எறும்பு! குழந்தை தொடை படற இடம் அது, எனக்கு பதறிப்போச்சு. இதுல சென்னை வேர்வை வேற, ரெக்சின்ல தொடை ஒட்டி சிவந்துடும், ஸ்பாஞ்ச்ல ஈரம் ஏறிட்டா மழைக்காலத்துல காயவே காயாது, ஒரு முக்கல் வாடை வந்துடும், அப்புறம் என்ன துவைச்சாலும் போகாது. குளிர் ஊருல எப்படியோ, நம்ம ஊரு வெக்கைக்கு குஷன் தேவையே இல்ல. ஆறு மாசக் குழந்தை ரொம்ப ஆடுதுன்னா ரெண்டு பக்கமும் மெல்லிசு டவல் சுருட்டி வைங்க, போதும், அத தினமும் துவைச்சுப் போடலாம்.

வெறும் பிளாஸ்டிக் சீட்ல இந்த தொல்லையே கிடையாது. ஞாயித்துக்கிழமை மொத்த சேரையும் பாத்ரூமுக்கு எடுத்துட்டுப் போய் ஷவர்ல காட்டி, வெயில்ல வச்சா முடிஞ்சுது. வெள்ளை ட்ரேல பருப்பு சாதம், ரசம் பட்டு மஞ்சக் கறை பிடிக்கும், எவ்ளோ தேய்ச்சாலும் போகாது, அதுக்கு கெமிக்கல் எதுவும் வேண்டாம், பாத்திரம் கழுவற சோப்புல எண்ணெய் பிசுக்கு போக கழுவிட்டு நல்ல வெயில் அடிக்கற பால்கனில வைங்க. மஞ்சளுக்கு நிறம் குடுக்கற குர்குமின் வெளிச்சம் பட்டா சிதைஞ்சு போற பொருள், சாயங்காலம் பார்த்தா முக்கால்வாசி மறைஞ்சிருக்கும். பெல்ட்டுக்கும் இதேதான். பெல்ட்ட கழட்டி துவைக்க முடியுமான்னு வாங்கும்போதே கேட்டுக்கோங்க, சிலதுல ரிவெட் அடிச்சு வச்சிருப்பாங்க, அந்த மாதிரி வேண்டவே வேண்டாம்.

பெல்ட் பத்தி பேசும்போது ஒண்ணு சொல்லியே ஆகணும். அமெரிக்காவுல 2003ல இருந்து 2010 வரைக்கும் உள்ள எமர்ஜென்சி வார்டு கணக்க வச்சு ஒரு ஆய்வு செஞ்சாங்க, ஹைசேர், பூஸ்டர் சீட் (சாதாரண நாற்காலி மேல வைக்கற குழந்தை சீட்) இதுகளால அடிபட்டு வந்த மூணு வயசுக்குள்ள குழந்தைங்க வருஷத்துக்கு சராசரியா 9,400 பேருக்கு மேல, அதுல 90 சதவீதத்துக்கும் மேல கீழ விழுந்ததுதான், எந்த சூழ்நிலையில விழுந்துச்சுன்னு தெரிஞ்ச கேஸ்ல மூணுல ரெண்டு பங்கு குழந்தைங்க விழறதுக்கு முன்னாடி சேர்ல எழுந்து நின்னுட்டோ ஏறிட்டோ இருந்திருக்காங்க. அதாவது குழந்தை எழுந்து நிக்கறதுதான் பெரிய ஆபத்து. ட்ரே போட்டாச்சே, எங்க விழப்போறான்னு பெல்ட் போடாம விடாதீங்க, ட்ரே குழந்தைய பிடிச்சு வைக்கறதுக்கு இல்ல. தோள் பட்டையும் சேர்ந்த அஞ்சு பாயிண்ட் பெல்ட்தான் நல்லது, இடுப்பு பெல்ட் மட்டும் இருந்தா எழுந்து நிக்கற வயசு பிள்ளைங்க நெளிஞ்சு வெளிய வந்துடும். ரெண்டு காலுக்கு நடுவுல ஒரு தடுப்பு வரும், அது இல்லாத சேர் வேண்டாம், குழந்தை கீழ வழுக்கி கழுத்து மாட்டிக்கக் கூடாது. ஐரோப்பாவுல விக்கற ஹைசேருக்கு இஎன் 14988னு ஒரு தரம் உண்டு, பெட்டியில அது போட்டிருந்தா எனக்கு ஒரு நிம்மதி. சேர சுவத்துக்கும் மேசைக்கும் காலால உதைக்க முடியாத தூரத்துல வைங்க, உதைச்சா பின்னாடி மல்லாந்துடும்.

சாயற சேர் பத்தி சுருக்கமா: கெட்டியான சாப்பாடு குடுக்கும்போது குழந்தை நிமிர்ந்துதான் இருக்கணும், சாய்ஞ்ச நிலையில குடுத்தா சாப்பாடு தானா தொண்டைக்கு ஓடி புரையேறும். உட்கார முடியாத குழந்தைய சாய்ச்சு வச்சு ஊட்டலாமேன்னு தோணினா, அந்தக் குழந்தை இன்னும் தயாராகலன்னு அர்த்தம், தலை ஆடாம நிக்கணும், லேசா பிடிச்சா உட்காரணும், அப்புறம் ஆரம்பிங்க. வீலும் எனக்கு பெருசா உபயோகப்படல.

எங்க வீட்டுக்கு ரொம்ப கை குடுத்தது அந்த கழட்டற கால்தான். மாமனாருக்கு முட்டி வலி, மேசையில சாப்பிடுவார், அவர் கூட உட்காரணும்னா உசரமா மாட்டுவோம். மத்தவங்கள்லாம் ராத்திரி ஹால்ல பாய் விரிச்சு கீழ உட்கார்ந்து சாப்பிடறவங்க, அப்ப தாழ்வா வச்சு எங்க வட்டத்துலயே சேர்த்துப்போம். நம்ம பக்கம் நிறைய வீட்டுல இன்னும் தரையில உட்கார்ந்து சாப்பிடற பழக்கம் இருக்கு, அங்க உசரமான சேர் மட்டும் வாங்கினா குழந்தை தனியா மேல உட்கார்ந்து எல்லார் உச்சந்தலையையும் பார்த்துட்டு இருக்கும். பெரியவ சாம்பார் சாதம் பிசைய கத்துக்கிட்டது எங்க தட்டப் பார்த்துதான், அவ கண்ணு எங்க கைய விட்டு நகராது. போன் காட்டாம சாப்பிட வைக்க முடிஞ்சதுக்கும் இதுதான் காரணம்னு நான் நம்பறேன். அதுக்காக மடியில வச்சு ஊட்டறது தப்புன்னு நான் சொல்லவே மாட்டேன், சாயங்காலம் அம்மா பால்கனில சின்னவன இடுப்புல வச்சுக்கிட்டு காக்கா காட்டி நெய்ச்சோறு ஊட்டறது இன்னைக்கும் நடக்குது, அது அவங்க ரெண்டு பேருக்குமான நேரம். காரட், ஆப்பிள் மாதிரி கடிக்கற பொருள் மட்டும் நடந்துக்கிட்டே குடுக்க வேண்டாம்னு கேட்டுக்கிட்டேன், சரின்னுட்டாங்க.

இவ்ளோ நாள் ஓடினதுல தேஞ்சது என்னன்னா, ட்ரே லாக் ஒரு பக்கம் லூசாயிடுச்சு, காலோட ஜாயிண்ட்ல ஸ்டீல் கொஞ்சம் துரு பிடிச்சிருக்கு (கழுவின தண்ணி சேர் காலோட குழாய்க்குள்ள நின்னதால, இப்பல்லாம் கவுத்து வச்சுதான் காய விடறோம்), பக்கிள் மட்டும் புதுசு மாதிரியே டக்குனு பூட்டுது. பெரியவ ரெண்டு வயசு தாண்டினதும் ட்ரேய கழட்டிட்டு தாழ்வான சேரா அவளே ஏறி இறங்கினா, அந்த காலமும் சேர்த்தா குடுத்த காசுக்கு மேலயே உழைச்சிருக்கு.

செகண்ட் ஹேண்ட் கிடைச்சாலும் தாராளமா வாங்கலாம், பக்கிள பத்து தடவ பூட்டித் திறந்து பாருங்க, காலெல்லாம் ஆடுதான்னு அசைச்சுப் பாருங்க, பெல்ட் நூல் பிரிஞ்சிருந்தா வேண்டாம். கடைக்குப் போறதா இருந்தா குழந்தைய கூட்டிட்டுப் போங்க, உட்கார வச்சு பெல்ட் போட்டுட்டு ஃபுட்ரெஸ்ட்டுக்கும் பாதத்துக்கும் நடுவுல எவ்ளோ இடம் இருக்குன்னு கைய விட்டுப் பாருங்க, ஃபிக்ஸ் பண்ணின ஃபுட்ரெஸ்ட்னா அந்த அளவ குறிச்சுக்கிட்டு வந்து ஆசாரிகிட்ட குடுங்க, அரை நாள் வேலை கூட கிடையாது.