பாதியில் பாடம் மாறுவதா, பட்டத்தை முடித்துவிட்டு மாறுவதா?

சென்ற ஆடி மாதத்தில், ஒரே வாரத்தில் இரண்டு பேர் ஏறக்குறைய ஒரே கேள்வியோடு என்னைத் தேடி வந்தார்கள். ஒருவன் என் அக்கா மகன். சேலத்தில் ஒரு தனியார் கல்லூரியில் பி.இ. மெக்கானிக்கல் மூன்றாம் செமஸ்டர் தொடங்கியிருந்தான். செவ்வாய்ப்பேட்டையில் அவன் தந்தைக்கு இருக்கும் வெள்ளிக் கொலுசுப் பட்டறையின் வரவு செலவையும் ஜி.எஸ்.டி. கணக்கையும் இரண்டு ஆண்டுகளாக அவன்தான் எழுதி வருகிறான். "மாமா, எனக்குக் கணக்குதான் வருது, இந்த டிராயிங் ஷீட்டு வரல, பி.காம். போயிடறேன்" என்றான். மற்றவர் ஏற்காட்டிலிருந்து தினமும் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து பேருந்தில் கீழே வந்து பி.ஏ. ஆங்கிலம் முதலாண்டு படிக்கும் பெண். ப்ளஸ் டூவில் உயிரியல் எடுத்தவர், பி.எஸ்சி. நர்சிங் படிக்க விரும்புகிறார், விண்ணப்பிக்கும் நாளைத் தவறவிட்டதால் கிடைத்த இடத்தில் சேர்ந்துவிட்டார். கல்லூரி அலுவலகத்தில் சேர்க்கைப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால் என்னிடம் இத்தகைய கேள்விகள் வருவது புதிதல்ல. ஆனால் இந்த இருவருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியவில்லை.

பாதியில் மாற நினைப்பவர்களுக்கு முன் இருக்கும் வழிகள் நான்கு. இருக்கும் கல்லூரியிலேயே துறை மாறலாம். விலகி, அடுத்த ஆண்டு வேறு படிப்பில் முதலிலிருந்து தொடங்கலாம். பட்டத்தை முடித்துவிட்டு மேற்படிப்பில் திரும்பலாம். படித்துக்கொண்டே தொலைநிலைக் கல்வியில் இன்னொரு பட்டம் சேர்க்கலாம்.

முதல் வழி கேட்பதற்கு எளிதாக இருந்தாலும் நடப்பதற்கு அரிதானது. சேர விரும்பும் துறையில், அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்குள் ஓர் இடம் காலியாக இருக்க வேண்டும். ப்ளஸ் டூவில் அதற்குரிய பாடங்களைப் படித்திருக்க வேண்டும். அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் அந்த இடம் எந்த இட ஒதுக்கீட்டுப் பிரிவுக்கு உரியது என்பதும் பார்க்கப்படும். பி.காம்., கணினி அறிவியல் போன்ற துறைகளில் இடம் எப்போதும் நிரம்பியே இருக்கும், மாணவர்கள் விட்டுப் போக நினைக்கும் துறைகளில்தான் காலியிடம் மிஞ்சும். ஆனாலும் பொறியியல் கலந்தாய்வும் மருத்துவக் கலந்தாய்வும் நடந்து முடியும் வாரங்களில், கலை அறிவியல் கல்லூரிகளில் சேர்ந்திருந்த பலர் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு கிளம்புவார்கள். அப்போது சில நாட்களுக்கு மட்டும் நல்ல துறைகளிலும் ஓரிரு இடங்கள் திறக்கும், அந்த நாட்களில் அலுவலக வாசலில் விண்ணப்பத்தோடு நிற்பவருக்கே அது கிடைக்கும். முதல் செமஸ்டர் தேர்வு முடிந்த பிறகு இந்தக் கதவு ஏறக்குறைய மூடிவிடும்.

இதில் படித்த பாடம் எவ்வளவு வீணாகும் என்பதையும் பார்க்க வேண்டும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டர் பொறியியல் மாணவர்களுக்குப் பொதுவாக இருந்தது. கணிதம், இயற்பியல், வேதியியல், பைத்தான், ஆங்கிலம், தமிழர் மரபு என்று மெக்கானிக்கல் மாணவரும் கணினி மாணவரும் அதே தாள்களைத்தான் எழுதினார்கள். கலைக் கல்லூரிகளிலும் பகுதி ஒன்றான தமிழும் பகுதி இரண்டான ஆங்கிலமும் எந்தத் துறைக்கும் ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே தொடக்கத்தில் மாறுபவருக்கு இழப்பு குறைவு. மூன்றாம் செமஸ்டரிலிருந்து துறைப் பாடங்கள் குவியத் தொடங்குகின்றன. அதன் பிறகு கழியும் ஒவ்வொரு செமஸ்டரும் மாறுவதற்கான விலையை ஏற்றுகிறது, முடிப்பதற்கான விலையை இறக்குகிறது. பி.இ.யிலிருந்து பி.காம்.முக்கு வருபவருக்கோ தொடக்கத்திலேயே பெரிதாக எதுவும் மிஞ்சாது, ஏனெனில் அது வேறு பட்டம், பெரும்பாலும் வேறு பல்கலைக்கழகம்.

இரண்டாவது வழியான விலகலில் ஓர் ஆண்டு போய்விடுகிறதே என்பதைத்தான் வீட்டில் எல்லோரும் முதலில் பேசுவார்கள். என் அனுபவத்தில் பதினெட்டு வயதில் ஓர் ஆண்டு பெரிய இழப்பே அல்ல. பணமும் சான்றிதழும்தான் சிக்கல். கட்டணத்தைத் திருப்பித் தருவது பற்றிப் பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வெளியிட்ட அறிவிப்பு தெளிவானது. சேர்க்கைக்கான கடைசி நாளுக்கு 15 நாட்களோ அதற்கு மேலோ முன்பாக விலகினால், சிறு நடைமுறைக் கட்டணம் போக முழுக் கட்டணம். அந்த 15 நாட்களுக்குள் விலகினால் 90 சதவீதம். கடைசி நாளைத் தாண்டி 15 நாட்கள் வரை 80. 30 நாட்கள் வரை 50. அதன் பிறகு ஒன்றுமில்லை. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்றும் அதே அறிவிப்பு சொல்கிறது. இந்த விதியெல்லாம் இல்லாத காலத்தில் வேதியியலிலிருந்து விலகிய எனக்கு, மீதி ஆண்டுகளின் கட்டணத்தையும் கட்டினால்தான் மதிப்பெண் பட்டியல் என்று என் கல்லூரி சொன்னது. என் தந்தை நான்கு முறை நடந்த பிறகே பழுப்பு உறையில் அது கைக்கு வந்தது, அதற்குள் நான் சேர நினைத்த இடத்தின் கடைசி நாள் கடந்துவிட்டது. இன்று விதி இருக்கிறது; இருந்தாலும் எழுத்தில் விண்ணப்பித்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோடு நகல் வாங்கி வைப்பவருக்கே அது உதவும். கல்விக் கடன் வாங்கியவர் வங்கியிடமும் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். கடன் அந்தப் படிப்புக்கென்று கொடுக்கப்பட்டது, புதிய படிப்புக்குத் தானாக மாறாது.

விலகுவதில் நான் அசையாமல் சொல்லும் ஒன்று உண்டு: புதிய இடத்துக்கான ஒதுக்கீட்டு ஆணை கையில் வரும் வரை பழைய இடத்தை விடக் கூடாது. அரசுக் கலைக் கல்லூரியில் கட்டணம் குறைவு. அங்கே ஓர் ஆண்டு ஆங்கிலம் படித்தபடி காத்திருப்பது வீட்டில் உட்கார்ந்து காத்திருப்பதைவிட எவ்வளவோ மேல்.

மூன்றாவது வழியைப் பலர் தோல்வியாக நினைக்கிறார்கள், எனக்கு அதுவே பெரும்பாலோருக்குப் பொருத்தமானதாகத் தோன்றுகிறது. எம்.பி.ஏ.வுக்கு எந்தப் பட்டமும் போதும். மூன்றாண்டு எல்.எல்.பி.யும் அப்படியே. எம்.சி.ஏ. 2020க்குப் பிறகு இரண்டே ஆண்டுப் படிப்பாகிவிட்டது, கணிதம் படித்திருந்தால் பிற துறையினருக்கும் வழி உண்டு. குடிமைப் பணித் தேர்வு பட்டத்தின் பெயரைக் கேட்பதில்லை. ஆனால் ஆசிரியர் வேலையை மனத்தில் வைத்திருப்பவர் இங்கே நின்று யோசிக்க வேண்டும். அரசுப் பள்ளி முதுகலை ஆசிரியர் பணிக்கு இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடத்தில் இருக்க வேண்டும், பி.எஸ்சி. இயற்பியல் முடித்து எம்.ஏ. ஆங்கிலம் படித்தவர்கள், ஆசிரியர் தேர்வு வாரிய விண்ணப்பத்தின்போதுதான் இதை அறிந்து திகைப்பதைப் பார்த்திருக்கிறேன். அதேபோல நர்சிங், வேளாண்மை, மருத்துவம் போன்றவற்றுக்குப் பின்வாசல் கிடையாது. அந்தப் பட்டத்தை முதலிலிருந்து படித்துத்தான் ஆக வேண்டும்.

நான்காவது வழியை நீட்டிப் பேச வேண்டியதில்லை. ஒரே நேரத்தில் இரண்டு பட்டங்கள் படிக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் அனுமதித்துவிட்டது, அவற்றில் ஒன்று தொலைநிலையிலோ இணைய வழியிலோ இருக்கலாம். முதன்மைப் படிப்பை அரியர் இல்லாமல் ஓட்டுபவருக்கு இது நல்ல ஏற்பாடு. முதலாண்டிலேயே இரண்டு அரியர் வைத்திருப்பவர் இதைத் தொட்டால் இரண்டும் கெடும்.

இவற்றை எடைபோடுவதற்கு முன், பாடம் பிடிக்கவில்லை என்று சொல்பவரிடம் நான் பாடப்புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்வது வழக்கம். தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைகள் பலருக்கு வெறுப்பு பாடத்தின் மீது இல்லை, அது எழுதப்பட்டிருக்கும் ஆங்கிலத்தின் மீதுதான். அந்தப் பக்கத்தைத் தமிழில் சொல்லிக் கொடுத்தால் முகம் மாறிவிடும். அவர்கள் துறை மாறினாலும் அதே ஆங்கிலம் அங்கேயும் காத்திருக்கும்.

ஏற்காட்டுப் பெண்ணுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவர் விரும்பும் படிப்பு இயற்பியல், வேதியியல், உயிரியல் கேட்கிறது, மூன்றும் அவரிடம் இருக்கின்றன, பி.ஏ.வை முடித்தாலும் மறுபடி நான்கு ஆண்டுகள் நர்சிங் படிக்க வேண்டும் என்பதால் முடிப்பதில் பயனில்லை. ஆகவே கல்லூரிக்குத் தொடர்ந்து போகவும், அடுத்த ஆண்டு விண்ணப்பம் திறக்கும் முதல் நாளிலேயே பதிவு செய்யவும், இடம் உறுதியான அன்று மாற்றுச் சான்றிதழுக்கு எழுதவும் சொன்னேன்.

அக்கா மகனுக்கு நேர்மாறாகச் சொன்னேன். அவன் தேடுவது பி.காம். பட்டம் அல்ல, கணக்காளர் தொழில். பட்டயக் கணக்காளராக்கும் சி.ஏ. படிப்பில் ப்ளஸ் டூ முடித்தவர் ஃபவுண்டேஷன் என்னும் முதல்நிலைத் தேர்வு வழியாக வரலாம். பட்டதாரிகளோ அதை எழுதாமல் நேரே அடுத்த நிலையான இன்டர்மீடியட்டில் சேரலாம். அதற்கு வணிகவியல் பட்டதாரிக்கு 55 சதவீதமும், பொறியியல் போன்ற பிற பட்டதாரிக்கு 60 சதவீதமும் வேண்டும். பி.இ.யை விட்டு மூன்றாண்டு பி.காம். படிப்பதால் அவன் சேமிப்பது அந்த ஐந்து சதவீதம் மட்டுமே. முடித்துவிட்டுப் போனால் கையில் ஒரு பொறியியல் பட்டமும் இருக்கும். கேட்டுக்கொண்டே இருந்தவன், தன் முதலாண்டு மதிப்பெண்களைக் கைபேசியில் கூட்டிப் பார்த்தான். 57 சதவீதம் வந்தது. இப்போது பட்டறைக் கணக்கை ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்கிவிட்டு, மற்ற இரவுகளில் வெப்ப இயக்கவியல் படித்துக்கொண்டிருக்கிறான்.