சுரண்டிப் போடுவதா, மேலேயே போடுவதா?

சென்னைத் தெருக்களில் புதிதாகத் தார் போட இரண்டு வழி உண்டு. பழைய தாரின் மேலேயே இன்னொரு அடுக்கு போடலாம். அல்லது மில்லிங் இயந்திரத்தால் பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டு, அதே உயரத்தில் போடலாம்.

முதல் வழியில் வேலை சீக்கிரம் முடியும், செலவும் குறைவு. ஆனால் ஒரு முறைக்கு 4 செ.மீ. என்று வைத்தாலும் நான்கு முறையில் 16 செ.மீ. ஏறிவிடும். அது ஒரு வாசற்படி உயரம். வீடு பள்ளத்துக்குப் போய்விடும், ஐப்பசி மழையில் தெருத் தண்ணீர் கூடத்துக்குள் வரும். வசதி இருப்பவர் தரையை உயர்த்திக் கொள்வார், மற்றவர் வாசலில் மணல் மூட்டை அடுக்குவார். பாதாளச் சாக்கடை மூடிகளும் சாலை மட்டத்துக்குக் கீழே போய், பைக்கில் வருபவரைக் கவிழ்க்கும் குழிகளாகிவிடும்.

சுரண்டிப் போட்டால் இந்தத் தொல்லை இல்லை. சுரண்டிய ஜல்லியையும் மறுபடி பயன்படுத்தலாம். என் ஓட்டு இதற்குத்தான். 2021-லேயே தலைமைச் செயலாளர் இப்படித்தான் போட வேண்டும் என்று அறிவுறுத்தினார். பெரிய இயந்திரம் நுழையாத குறுகலான சந்துகளில்தான் சிக்கல். அங்கே சிறிய கருவிகளோடு ஆட்களை வைத்தாவது சுரண்ட வேண்டும்.

அப்புறம், எந்த வழியானாலும் குடிநீர்க் குழாய் மாற்றும் வேலை முதலில் முடியட்டும். புதுத் தாரை அடுத்த மாதமே வெட்டினால், ஒட்டுப்போட்ட இடம் மழையில் உள்வாங்கும்.