முத்திரை அசல், பாத்திரம் போலி

ஸ்காட்லாந்து ஏலங்களில் ஆன்லைன் வழியாகப் பழைய வெள்ளி, கலைப் பீங்கான், இக்கால ஓவியம் வாங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். ஒரே ஏல நிலையத்தில், ஒரே நாளில் எடுத்த மூன்று லாட்டிலும் ஏமாற்றம்: இரண்டாம் ஜார்ஜ் மன்னர் காலத்து வெள்ளிக் காபிக் கெண்டி, ரோஜா வரைந்த வீம்ஸ் பீங்கான் பன்றி, பெயர் போட்ட எண்ணெய் ஓவியம். மூன்றிலும் முத்திரையோ பெயரோ பளிச்சென்று இருந்தது. உடம்புதான் சரியில்லை. நிலையத்தின் பெயரைச் சொல்லவில்லை. இது ஒரு நிலையத்தோடு நிற்கிற சங்கதி அல்ல. எங்கே எடுத்தாலும் பார்க்க வேண்டியவை இவைதான்.

முதலில் கெண்டி. அடியில் நான்கு முத்திரைகள்: நடக்கும் சிங்கம், சிறுத்தைத் தலை, ஆண்டெழுத்து, தட்டாரின் முதலெழுத்துகள். நான்குமே அசல், 1740களில் லண்டனில் அடித்தவை. ஆனால் அடிப்பாகத்தை வாயருகே கொண்டுபோய் ஒருமுறை மூச்சு விட்டால், ஆவி படிந்து மறைகிற அந்த இரண்டு நொடியில் முத்திரைகளைச் சுற்றி ஒரு வட்டக் கோடு தெரிகிறது. பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிய வட்டம். பொடி வைத்து ஊதிப் பற்றவைத்த கோடு அது. வேறு ஏதோ ஒரு சின்னப் பொருளில் இருந்த முத்திரையை வெட்டியெடுத்து இதன் அடியில் பதித்திருக்கிறார்கள்.

இதற்குப் பழைய வரலாறு உண்டு. 1720இல் வெள்ளிப் பாத்திரத்துக்கு அவுன்சுக்கு 6 பென்னி வரி வந்தது. 1758 வரை நீடித்தது. சில தட்டார்கள் சின்னத் தட்டு ஒன்றை, தரம் பார்த்து முத்திரையிடும் சோதனைச் சாலைக்குக் கொண்டுபோய், அதற்கு மட்டும் வரி கட்டி, முத்திரை விழுந்த துண்டைப் பெரிய பாத்திரத்தில் பதித்துவிடுவார்கள். பிற்காலத்தில் விலையை ஏற்றுவதற்காக இதே வேலையைச் செய்தவர்களும் உண்டு. வாங்குகிறவருக்கு இரண்டும் ஒன்றல்ல. முன்னதில் பாத்திரமாவது அந்தக் காலத்தது. எங்களுக்கு வந்தது இரண்டில் எதுவானாலும், சோதனைச் சாலைக்குப் போகாத பாத்திரம் என்பதற்கு மூடியும் சாட்சி. இரண்டாம் ஜார்ஜ் காலத்துக் கெண்டி என்றால் மூடியிலும் பொதுவாகச் சிங்கமும் தட்டார் முத்திரையுமாவது இருக்கும். இதில் ஒன்றுமே இல்லை.

கேட்லாக்கில் என்ன போட்டிருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள்: ‘லண்டன் முத்திரை கொண்டது’. ‘லண்டனில் செய்தது’ என்று எழுதவில்லை. அந்த ஒரு சொல்லில் பொறுப்பைக் கைகழுவிவிட்டார்கள்.

கையில் எடுத்துப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் இன்னும் இரண்டு சோதனைகள் செய்யலாம். முத்திரை இருக்கும் இடத்தின் உட்புறத்தை டார்ச் அடித்துப் பாருங்கள்; பாத்திரத்திலேயே நேராக அடித்த முத்திரை என்றால் பெரும்பாலும் அச்சு இறங்கிய தடயம் இலேசாகத் தெரியும். மேலே ஒட்டிய துண்டென்றால் உள்ளே வழுவழுவென்று இருக்கும். அடுத்து, குலச்சின்னம் பொறித்த இடத்தைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்துங்கள். தகடு உள்வாங்கினால் பழைய சின்னத்தைச் சுரண்டியெடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். சாம்பல் நிறத்தில் ஈயப்பற்று கண்ணில் பட்டால் அப்படியே வைத்துவிட்டு நகருங்கள். அதை எடுத்துச் சீராக்குவது பெரும் வேலை.

எடையிலும் ஏமாறுகிறோம். மரக் கைப்பிடி உள்ள பாத்திரத்துக்குக் கேட்லாக் சொல்வது மொத்த எடை. பல மெழுகுவர்த்தித் தண்டுகளில் உள்ளே கீலும் இரும்புக் கம்பியும் அடைத்திருக்கும். அந்த எடையை வெள்ளியாகக் கணக்குப் போடவே கூடாது. மரமோ கீலோ இல்லாத வெள்ளிப் பாத்திரம் என்றால் ஒரு டிராய் அவுன்ஸ் 31.1 கிராம், ஸ்டெர்லிங் தரத்தில் ஆயிரத்துக்கு 925 பங்கு சுத்த வெள்ளி. ஆக 20 அவுன்ஸ் என்பது 622 கிராம், அதில் சுத்த வெள்ளி 575 கிராம். அன்றைய வெள்ளி விலையோடு இதைப் பெருக்கி, பொருளின் அடிமதிப்பு என்ன என்று தெரிந்துகொண்ட பிறகே கையைத் தூக்குங்கள்.

ஸ்காட்லாந்து வெள்ளிக்கு முத்திரை முறையே வேறு. எடின்பரோவுக்கு மூன்று கோபுரக் கோட்டை. 1759 முதல் அதோடு முட்செடிப் பூ, 1975 முதல் பூவுக்குப் பதில் எழுந்து நிற்கும் சிங்கம். கிளாஸ்கோ சோதனைச் சாலை 1819 முதல் 1964 வரை நடந்தது. 1784 முதல் 1890 வரை வரி கட்டியதற்கு அடையாளமாக அரசர் அல்லது அரசியின் தலை இருக்கும். 1830ஆம் ஆண்டெழுத்து இருந்து தலை இல்லையென்றால் ஏன் என்று கேட்டே ஆக வேண்டும். அபர்தீன், இன்வர்னஸ், பெர்த், டெய்ன் போன்ற ஊர்களின் கரண்டிகளுக்குச் சேகரிப்போர் பல மடங்கு கொடுப்பார்கள், அதனாலேயே போலியும் அதிகம். ஆறு கரண்டி கொண்ட தொகுதி என்றால் ஆறையும் வரிசையாக வைத்து முத்திரையை மட்டும் பாருங்கள். கையால் அடித்தது என்றால் ஒன்று சாய்ந்திருக்கும், ஒன்று தள்ளி விழுந்திருக்கும். ஆறிலும் ஒரே இடம், ஒரே சாய்வு, ஓரங்கள் மழுங்கி, குழிக்குள் ஊசிமுனைப் புள்ளிகள் என்றால் அது வார்ப்பு.

நம்மவர்கள் ஊர்ப்பாசத்தில் போட்டி போடுவது சென்னை பி. ஆர் அண்ட் சன்ஸ் பட்டறையின் சுவாமி வெள்ளிக்கு, அதாவது தெய்வ உருவங்கள் புடைத்த பாத்திரங்களுக்கு. அதில் பிரிட்டிஷ் ஹால்மார்க் இல்லாதது குறையல்ல. தரச் சோதனை செய்தார்களா என்று மட்டும் கேளுங்கள்.

இனி பன்றி. வீம்ஸ் என்பது ஃபைஃப் பகுதியில் கிர்க்கால்டியில் ராபர்ட் ஹெரன் பட்டறை 1880களில் தொடங்கிய வகை. பொஹீமியாவிலிருந்து வந்த கரேல் நெகோலாவின் கைவண்ணத்தில் பெரிய ரோஜாக்கள் பெயர் பெற்றன. அவர் 1915இல் இறந்தார். பட்டறை மூடியபின் வேலை டெவனில் உள்ள போவி டிரேசிக்குப் போனது. பிறகு 1985இல் ஃபைஃபிலேயே கிரிசெல்டா ஹில் பட்டறை அதை மீண்டும் தொடங்கியது. அது நேர்மையான புதிய வேலை, அதிலும் வீம்ஸ் என்றே பெயர் இருக்கும். குற்றம் அதைச் செய்த பட்டறையினருடையது அல்ல; ‘வீம்ஸ் பன்றி’ என்று மட்டும் எழுதி, காலத்தைச் சொல்லாமல், பழையதன் மதிப்பீட்டை அருகில் போட்டவர்கள்தான் குற்றவாளிகள். காலம் எழுதாத லாட்டுக்கு, அடிப்பாகத்தின் படம் கேட்டு வாங்காமல் விலை சொல்லாதீர்கள்.

எங்கள் பன்றி பழையதுதான், ஆனால் இரண்டு காதுகளும் புதியவை. வீம்ஸ் மண் குறைந்த சூட்டில் சுட்டது, மிருது. காது, வால், விளிம்பு எல்லாம் எளிதில் உடையும். பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்பதுபோல் இதைத் தட்டிப் பார்த்துப் பயனில்லை, முழுசாக இருக்கிற துண்டும் மந்தமாகவே ஒலிக்கும். மெருகு முழுக்க வலைபோல் ஓடும் மெல்லிய விரிசலைத் தொடருங்கள். பன்றியின் கழுத்து வரை வந்த வலை காதடியில் சட்டென்று நின்றுபோனது. அங்கே தெளிப்பு வண்ணம். புற ஊதா டார்ச்சில் அந்த இடம் வெளுத்து ஒளிர்ந்தது. சில புதிய பூச்சுகள் அப்படி ஒளிராது, ஆகவே அதை மட்டும் நம்ப வேண்டாம். ஊசியின் தலையால் மெல்லத் தட்டினால் கண்ணாடி மெருகு ‘டிக்’ என்னும். பூச்சில் சத்தமே வராது.

ஓவியத்தில் சூட்சுமம் முழுக்கச் சொற்களில். ‘கையெழுத்திட்டது’ என்றால் ஓவியரே போட்டது என்று நிலையம் கருதுகிறது. ‘கையெழுத்து தாங்கியது’ என்றால் பெயர் இருக்கிறது, அவர் போட்டதென்று நாங்கள் சொல்லவில்லை என்று பொருள். ‘இன்னாருடைய பாணி’, ‘இன்னாருக்குப் பின்’ என்பவையும் அப்படியே. எங்களுக்கு வந்தது கித்தானில் அச்சடித்து, மேலே தெளிந்த பசையால் தூரிகைக் கோடு போட்ட படம். பத்து மடங்கு லென்ஸில் மைப்புள்ளிகள் தெரிந்தன. மேடும் பள்ளமும் நிறத்தோடு ஒட்டிப் போகவில்லை. நீலம் முடிந்து வெள்ளை தொடங்கும் இடத்தின் குறுக்கே கோடு போகிறது. ஜாக் வெட்ரியானோ போல் அச்சுப்படங்கள் ஏராளமாகப் பரவிய ஓவியர் என்றால் இரட்டிப்புக் கவனம் வேண்டும். பின்பக்கப் படம் கேளுங்கள்: சட்டம், ஆணி, காட்சிக்கூடச் சீட்டு, எல்லாம்.

செலவுக் கணக்கு அடுத்து. சுத்தியல் விலை, அதாவது ஏலம் முடிந்த விலை, 2000 பவுண்டு என்று வையுங்கள். வாங்குபவர் நிலையத்துக்குத் தரும் பிரீமியம் 25 சதவீதம் 500, அதற்கு வாட் வரி 100. ஆன்லைன் தளக் கட்டணம் 4.95 சதவீதம் 99, அதற்கு வாட் 19.80. ஓவியர் உயிரோடிருந்தாலோ இறந்து 70 ஆண்டு ஆகாமல் இருந்தாலோ ஓவியருக்கோ வாரிசுக்கோ போகும் மறுவிற்பனை உரிமைத் தொகை 4 சதவீதம், 80. மொத்தம் 2798.80. ஜான் பெல்லனி 2013இலும் எலிசபெத் பிளாக்கேடர் 2021இலும்தான் இறந்தார்கள். 1963இல் இறந்த ஜோன் அர்ட்லிக்குக்கூட இன்னும் உண்டு. நிலையத்துக்கு நிலையம் சதவீதம் மாறும், ஆனால் கையில் 1400 பவுண்டு இருந்தால் ஓவியத்துக்கு 1000க்கு மேல் போகாதீர்கள். அனுப்பும் செலவு தனி.

பொருள் எந்த நிலையில் இருக்கிறது என்று நிலை அறிக்கை கேட்டபோது வந்த பதில்: ‘வயதுக்கேற்ற தேய்மானம், மற்றபடி நன்று.’ பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்: முத்திரைத் துண்டு பதிக்கப்பட்டதா? மூடியில் முத்திரை உண்டா? மரம் நீங்கலாக எடை எவ்வளவு? புற ஊதா ஒளியில் பார்த்தீர்களா? எங்கெங்கே மறுபூச்சு? எல்லாம் மின்னஞ்சலில், தொலைபேசியில் சொன்னதற்குச் சாட்சி கிடையாது. பொதுமக்கள் நேரில் வரக்கூடிய ஏலத்தில் வாங்கிய பழைய பொருளுக்கு 2015 நுகர்வோர் உரிமைச் சட்டத்தின் பெரும்பகுதிப் பாதுகாப்பு கிடைக்காது, 14 நாள் ரத்து உரிமையும் இல்லை. முழுக்க ஆன்லைனில், நேரம் குறித்து நடக்கும் ஏலத்தில், விற்பவர் வியாபாரியாக இருந்தால் அந்த உரிமை உண்டு.

மூன்றில் கெண்டிக்கு மட்டும் பணம் திரும்பியது. பொருள் வந்த மூன்றாம் நாளே படங்களோடு எழுத்தில் புகார் போனதும், விற்றவருக்குப் பணம் கொடுக்காமல் நிறுத்தி வையுங்கள் என்று கேட்டதும்தான் காரணம். அனுமதியில்லாமல் மாற்றிய ஹால்மார்க் பொருளை விற்பது 1973 ஹால்மார்க் சட்டப்படி குற்றம் என்பதையும், லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் நிறுவனத்தின் பழம்வெள்ளிக் குழுவுக்குப் பொருளை அனுப்பப்போகிறோம் என்பதையும் அதே கடிதத்தில் எழுதியிருந்தோம். பன்றிக்கு, ‘பழுது பார்த்ததை அறிக்கையில் நீங்கள் குறிப்பாகக் கேட்கவில்லை’ என்று பதில் வந்தது. ஓவியத்துக்கு, கேட்லாக்கில் இருந்த ‘தாங்கியது’ என்ற சொல்லைக் கோடிட்டுத் திருப்பி அனுப்பினார்கள்.