பிளூஸ் ஜூனியர்: டியூப் மாற்றும் நேரம் எது?

ஃபெண்டர் பிளூஸ் ஜூனியர் 15 வாட் கிட்டார் ஆம்ப்; டியூப் எனப்படும் வெற்றிடக் குழாய்களால் ஒலியைப் பெருக்குவது. ஸ்பீக்கரை ஓட்டும் பவர் பகுதியில் இரண்டு இ.எல்.84 டியூப், அதற்கு முந்தைய பிரீஆம்பில் மூன்று 12ஏ.எக்ஸ்.7 டியூப். ஒலி அருமை. குறை ஒன்று உண்டு: பயாஸை, அதாவது பவர் டியூப்களில் சும்மா இருக்கும்போதும் ஓடும் மின்னோட்டத்தின் அளவை, திருத்த திருகு கிடையாது. இ.எல்.84 இரண்டும் சூடாகவே ஓடுவதால் சீக்கிரம் தளரும். வாரம் நாலைந்து நாள் சத்தமாக வாசிப்பவர்கள் ஒன்றரை, இரண்டு வருடத்தில் மாற்ற வேண்டியிருக்கும்.

பேஸ் கொழகொழவென்று ஆகும், ட்ரெபிளின் பளிச் மங்கும், வால்யூம் தானாக ஏறி இறங்கும். இவை தேய்மானம். கண்ணாடிச் சுவரில் நீல ஒளி படர்ந்தால் பயம் வேண்டாம், அது இயல்பு. உள்ளிருக்கும் சாம்பல் நிறத் தகடே செக்கச் சிவந்தால் உடனே அணையுங்கள்; தாமதித்தால் டிரான்ஸ்ஃபார்மரும் போகும். உச்சியில் வெள்ளிப் பூச்சு பால்போல் வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது, அந்த டியூப் குப்பைக்குத்தான்.

12ஏ.எக்ஸ்.7 பல வருடம் உழைக்கும். ஐந்தையும் சேர்த்து மாற்றுவது வீண் செலவு. ஆம்ப் ஓடும்போதே பென்சிலின் ரப்பர் முனையால் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். லேசான டொக் சத்தம் சகஜம். மணிபோல் ரீங்கரித்தால் அதை மட்டும் மாற்றுங்கள்.

இ.எல்.84ஐ ஜோடி பொருத்தியே, அதாவது ஒரே அளவு மின்னோட்டம் இழுக்கும் இரண்டாகவே, வாங்குங்கள். பிளக்கைக் கழற்றி, நன்றாக ஆறவிட்டு, நேராக இழுங்கள். ஒன்பது பின்னும் மெலிது, சாய்த்தால் வளையும். புது ஜோடியும் சிவந்தால் கோளாறு சர்க்யூட்டில், டெக்னீஷியனிடம் கொடுங்கள்.