சமய பாட மணி அடிச்சா யார் எங்க போறது? யாழ்ப்பாணம், லண்டன், கொஞ்சம் நோர்வே

யாழ்ப்பாணத்தில நான் அஞ்சாம் வகுப்பு படிக்கேக்க சமய பாடத்துக்கு மணி அடிச்சா மூண்டு பிள்ளையள் கொப்பியைத் தூக்கிக்கொண்டு வெளிய போவினம். வேதக்காரப் பிள்ளையள். ரெண்டு பேர் கத்தோலிக்கம், ஒருத்தி சிஎஸ்ஐ எண்ட புரட்டஸ்தாந்து சபை. படிப்பிக்க ரீச்சர் வராட்டி வேப்பமரத்துக்குக் கீழ இருந்து புத்தகத்தைப் பாத்து எழுதுவினம், நாங்கள் உள்ளுக்க சம்பந்தர் ஞானப்பால் குடிச்ச கதை படிப்பம். அவையள் அங்க என்ன படிச்சவை எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது, கேட்டதும் இல்ல.

இப்ப லண்டனில மகன் இயர் த்ரீ. இங்க ஆரும் எழும்பிப் போறதில்ல, முப்பது பிள்ளையளும் ஒண்டா இருந்து ஒரு டேர்ம் கிறிஸ்தவம், அடுத்த டேர்ம் இஸ்லாம் எண்டு மாறி மாறிப் படிக்கினம். ரெண்டையும் வச்சுப் பாத்தா எது நல்லது எண்டு வீட்டில அடிக்கடி சண்டை வருது, அம்மா ஒரு பக்கம் நான் ஒரு பக்கம், அதால தான் இதை எழுதுறன்.

முதல்ல இலங்கை முறை. முதலாம் வகுப்பில இருந்தே தாய்மொழி, கணிதம், சுற்றாடலோட சமயமும் ஒரு முக்கிய பாடம். பிள்ளை எந்தச் சமயமோ அந்தப் புத்தகம், அரசாங்கமே சும்மா தரும். ஓ-லெவல், அதாவது பதினொராம் வகுப்புச் சோதினை வரைக்கும் கட்டாயம், அதில சமயத்துக்கு ஏ எடுக்காட்டி வீட்டில மூஞ்சி சுழிப்பினம். இதால கிடைக்கிறது ஆழம். அதை நான் குறைச்சுச் சொல்லமாட்டன். போன வருஷம் பெரியப்பாட செத்தவீட்டில தேவாரம் பாட வாறன் எண்டவர் ட்ராஃபிக்கில மாட்டுப்பட்டுட்டார், ஹோலுக்குக் குடுத்த நேரம் முடியப்போகுது, நானும் மச்சாளும் எழும்பிப் பாடினம், புத்தகம் இல்லாம, அடுத்த வரி தானா வருது. இங்க பிறந்த பிள்ளையள் ஃபோனைப் பாத்துக்கொண்டு நிண்டுதுகள், பாவம் அதுகளில பிழை இல்ல.

ஆனா இழந்தது என்ன? நான் படிச்சது 1990க்குப் பிறகு. அந்த வருஷம் ஒக்டோபரில புலிகள் வடக்கில இருந்து முஸ்லிம் சனத்தை முழுக்க வெளியேத்திப்போட்டினம், அதால எங்கட வகுப்பில எழும்பிப் போறதுக்குக் கூட ஒரு முஸ்லிம் பிள்ளை இல்ல. இஸ்லாம் எண்டு ஒரு பாடம் நாட்டில இருக்கு எண்டதே ஓ-லெவல் நேரசூசியில பேரைக் கண்டு தான் தெரியும். நோன்பில தண்ணி கூடக் குடிக்கக் கூடாது, வருத்தக்காரரும் சின்னப் பிள்ளையளும் பிடிக்கத் தேவையில்ல எண்டதெல்லாம் நான் அறிஞ்சது முப்பத்தெட்டு வயசில, மகன்ட வேர்க்ஷீட்டில.

இங்கிலாந்து முறைக்கும் ஒரு கதை இருக்கு. 1944 கல்விச் சட்டம் சமயபோதனையைக் கட்டாயமாக்கினது, அப்ப சமயம் எண்டா கிறிஸ்தவம் தான். 1975இல பர்மிங்ஹாம் கவுன்சில் பல சமயங்களையும் சேர்த்து ஒரு பாடத்திட்டம் போட, அதுக்குள்ள கம்யூனிசமும் வந்திட்டு எண்டு பெரிய கலாட்டா. பிறகு 1988 சட்டம், கிறிஸ்தவம் தான் முதன்மை, ஆனா மற்றப் பெரிய சமயங்களையும் கணக்கில எடுக்கோணும் எண்டு சொல்லிச்சு. தேசிய பாடத்திட்டத்துக்குள்ள இது இல்ல, கவுன்சிலுக்குக் கவுன்சில் வேற. 2018இல ஒரு ஆணைக்குழு, கடவுளை நம்பாத ஆக்களின்ர பார்வையையும் சேருங்கோ, பாடத்தின்ர பேரையே சமயமும் உலகநோக்கும் எண்டு மாத்துங்கோ எண்டு சொன்னது.

கேக்க நல்லா இருக்கு. நடக்கிறது எப்பிடி எண்டா, இயர் டூவில மகன் தீபாவளிக்கு ரெண்டு ஐஸ்குச்சியில ராமரையும் சீதையையும் ஒட்டிக்கொண்டு வந்தான். களிமண் விளக்கு ஒண்டும் செய்தவன், அடுப்படியில இன்னும் கிடக்கு. அம்மா வழமை போல நரகாசுரன் கதையைத் தொடங்க, 'இல்ல அம்மம்மா, அது ராமர் வீட்ட வந்த நாள், உங்களுக்குத் தெரியாது' எண்டுட்டான். அம்மாக்கு வந்த கோவம்! அடுத்தது ஹோலிப் படத்தைக் காட்டி 'உங்கட வீட்டில கலர் எறிவீங்களா' எண்டு ரீச்சர் இவனைக் கேட்டிருக்கிறா, முப்பது பேருக்கு முன்னால, இந்து எண்டா இவனுக்கு எல்லாம் தெரியோணும் எண்டு. இவன் வாழ்க்கையில ஹோலி கண்டதில்ல. பிரம்மன் விஷ்ணு சிவன் மூண்டு பேர் எண்டு எழுதி டிக் வாங்கியிருக்கிறான், ஆனா முருகன் எந்தப் பக்கத்திலயும் இல்ல. நல்லூருக்குக் காவடி எடுத்த குடும்பத்துக்கு இது எப்பிடி இருக்கும் சொல்லுங்கோ. ரீச்சரையும் குறை சொல்லேலாது, ஆறு சமயத்தை ஒரு மனுசி எவ்வளவு தான் படிக்கிறது, கன பள்ளிக்கூடங்களில ரீச்சர் திட்டமிடப் போற நேரத்தில உதவியாளர் வந்து நடத்திற பாடமே இது தான்.

இன்னொண்டு, பெற்றோர் காரணம் சொல்லாமலே பிள்ளையை இந்தப் பாடத்தில இருந்து எடுக்கலாம். பாடம் முழுக்க இருந்த பிள்ளை பள்ளிவாசல் ட்ரிப் அண்டைக்கு மட்டும் வராம நிக்கிறதும் இதால தான் நடக்குது. வேல்ஸில 2022இல வந்த புதுப் பாடத்திட்டத்தில அந்த உரிமையையே எடுத்துப்போட்டினம், சரியான வேலை எண்டுவன்.

எல்லாரையும் ஒண்டா இருத்தினாப் போதாது எண்டதுக்கு நோர்வே. 1997இல தனித்தனி வகுப்பை நிப்பாட்டி எல்லாருக்கும் ஒரே பாடம் எண்டு கொண்டுவந்தினம், ஆனா அதுக்குள்ள கிறிஸ்தவத்துக்கு எடை கூட, முழுசா விலகவும் ஏலாது. சில பெற்றோர் ஸ்ட்ராஸ்பூர்க்கில இருக்கிற ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரைக்கும் போய் 2007இல வெண்டினம், 9க்கு 8, ஒரு நீதிபதி மாறியிருந்தா முடிவே வேற. வட அயர்லாந்தில பெல்ஃபாஸ்டிலயும் சமயம் இல்லாத வீட்டுப் பிள்ளை ஒண்டு பள்ளிக்கூடத்தில பழகி சாப்பாட்டுக்கு முன்னால ஜெபம் சொல்லத் தொடங்க, பிள்ளையின்ர பேரிலயும் தகப்பன்ர பேரிலயும் வழக்குப் போட்டு 2022இல அங்கத்தை ஹைகோர்ட்டில வெண்டவை. பின்லாந்து இலங்கை மாதிரி, அவரவர் சமயம் அவரவர்க்கு, சமயம் இல்லாத பிள்ளைக்கு ஒழுக்கவியல் வகுப்பு. மலேசியாவில முஸ்லிம் பிள்ளைக்கு இஸ்லாமியக் கல்வி, மற்ற எல்லாருக்கும் நன்னெறிக் கல்வி, எல்லாரும் எண்டா தமிழ்ப் பிள்ளையும் சீனப் பிள்ளையும் ஒரே கூடைக்குள்ள.

என்னைக் கேட்டா பிரைமறிக்கு இங்கிலாந்து முறை தான், அதின்ர அரைகுறையோட. பிழையான தீபாவளியை வீட்டில திருத்தலாம், நாங்கள் திருத்தினாங்கள், அம்மா நரகாசுரனைப் படமா கீறிக் குடுக்க இவன் கொண்டுபோய்க் காட்டினவன், ரீச்சர் ராமருக்குப் பக்கத்தில ஒட்டினவா. தேவாரம் சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடத்தில பழக்கலாம், யாழ்ப்பாணத்து அளவுக்கு வராது, வராட்டியும் பரவாயில்ல. ஆனா பக்கத்தில இருந்து படிச்சிருக்கவேண்டிய பிள்ளையை வேப்பமரத்துக்கு அனுப்பினா அதைப் பிறகு எந்தச் சனிக்கிழமையில பிடிக்கிறது?

அம்மா ஒத்துக்கொள்ளேல்ல. மகள் வாற செப்டம்பர் ரிசெப்ஷன் (முதலாம் வகுப்புக்கு முந்தின வகுப்பு) போகோணும், பக்கத்துக் கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்துக்குப் போடு, அங்க ஒழுக்கம் இருக்கு, கடவுள் பயம் இருக்கு எண்டு ஒரே நச்சரிப்பு. மிஷனரிப் பள்ளிக்கூடங்களுக்கு எதிரா 1848இல வண்ணார்பண்ணையில சைவப் பள்ளிக்கூடம் தொடங்கின ஆறுமுக நாவலரின்ர படம் சாமி அறை வாசலில தொங்குது, அதுக்குக் கீழ நிண்டு தான் சொல்லுறா. ஃபோர்ம் குடுக்கக் கடைசி நாள் ஜனவரி 15. நான் கவுன்சில் பள்ளிக்கூடத்தை முதலாவதாப் போட்டு அனுப்பிட்டன், அம்மாக்கு இன்னும் சொல்லேல்ல.